சம்பளத்தில் விளையும் நெல்

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் மோட்டார் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி மாட்டியிருப்பதைப் பல இடங்களில் காணலாம். அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். மும்முனைக் கரன்ட் வந்தால் அது நிலத்துக்காரருக்குத் தகவல் சொல்லும். அவர் எங்கிருந்தாலும் போனிலேயே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். விளம்பரங்களில் இதற்கு நவீன வேளாண்மை என்று பெயர். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு நவீனத்தின்மேல் பெரிய மோகம் ஒன்றும் கிடையாது. கரன்ட் வரும் நேரத்தில் அவர்கள் ஊரில் இருப்பதில்லை, அவ்வளவுதான். ஒருவர் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் இருப்பார். இன்னொருவர் சென்னையில் ஏதாவது ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் சென்ட்ரிங் பலகை அடித்துக்கொண்டிருப்பார்.

பட்டாவில் இவர்கள் விவசாயிகள். கூட்டுறவுச் சங்கத்தில் விவசாயிகள். தேர்தல் நேரத்து மேடைகளில் நிச்சயமாக விவசாயிகள். ஆனால் அந்த வீட்டு அரிசிப் பானையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் உரக்கடைப் பாக்கியும் மாதம் பிறந்தால் வரும் சம்பளத்தையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. விவசாயத்தை விட்டு ஜனங்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள் என்று இருபது வருடமாகப் புலம்புகிறோம். போனவர்கள் உண்டு, மறுக்க முடியாது. அவர்களைவிடப் பெரிய கூட்டம் ஒன்று இருக்கிறது. வெளியே சம்பாதிப்பதால்தான் அவர்களால் வயலை விடாமல் வைத்திருக்க முடிகிறது. அந்தக் கூட்டத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இரட்டிப்பானது எது?

தேசிய மாதிரி ஆய்வு விவசாயக் குடும்பங்களின் நிலைமையை இதுவரை மூன்று முறை விரிவாக எண்ணிப் பார்த்திருக்கிறது. 2003-ல் நாட்டில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 2,115 ரூபாய். அதில் பயிரிலிருந்து 969 ரூபாய், கூலியும் சம்பளமுமாக 819 ரூபாய். 2012-13-ல் மொத்தம் 6,426 ஆனது. பயிர் 3,081, கூலி 2,071. அப்போதும் பயிர்தான் மேலே. 2018-19 கணக்கில்தான் தட்டு சாய்ந்தது. மொத்தம் 10,218 ரூபாய். பயிரிலிருந்து 3,798. கூலி, சம்பளத்திலிருந்து 4,063. ஆடு, மாடு, கோழி 1,582 கொண்டுவந்தது. மிச்சம் விவசாயம் அல்லாத சிறு தொழிலும் குத்தகைப் பணமும்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூலி என்ற தலைப்பில் அடுத்தவர் வயலில் களை எடுத்த பணமும் அடக்கம். எல்லாமே கம்பெனிப் பணம் அல்ல. அதோடு, யாரை விவசாயக் குடும்பம் என்று கணக்கில் எடுத்தார்கள் என்பதும் முக்கியம். 2018-19 கணக்கில், வருடத்துக்கு 4,000 ரூபாய்க்கு மேல் விளைபொருளும், சொந்தமாக விவசாயம் பார்க்கும் ஓர் ஆளும் வீட்டில் இருந்தால் போதும். நாலு செம்மறி ஆடு வளர்த்தாலே தாண்டிவிடக்கூடிய கோடு இது.

இருந்தாலும் ஒரு வேடிக்கை மிஞ்சுகிறது. 2016 மத்திய பட்ஜெட்டில், விவசாயிகளின் வருமானத்தை 2022-க்குள் இரட்டிப்பாக்குவோம் என்றார்கள். 2012-13-க்கும் 2018-19-க்கும் நடுவில் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருப்பவற்றில் பெரியது ஒன்று உண்டு. கூலி. அதே காலத்தில் பயிர் வருமானம் நாலில் ஒரு பங்குகூட ஏறவில்லை, அதுவும் விலைவாசியைக் கழிக்காமல். திட்டம் வகுத்தவர்கள் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விவசாயி பஸ் ஏறிவிட்டார்.

அவர் ஏன் ஏறினார் என்பதற்கு ஆய்வெல்லாம் வேண்டாம், ஒரு துண்டுச் சீட்டு போதும். 2025-26-க்கு நெல் உற்பத்திச் செலவு, குடும்பத்தார் உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போட்டு, குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்பது மத்திய அரசின் கணக்கு. தமிழ்நாட்டில் சாதா ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் கொள்முதல் விலை 2,500. ஏக்கருக்கு 22 குவிண்டால் என்று நல்ல விளைச்சலாகவே வைத்துக்கொள்வோம். மழை கெடுக்கவில்லை, புகையான் வரவில்லை, மூட்டை முழுக்க அரசு விலைக்கே போகிறது. அப்படியும் ஏக்கருக்கு நிற்பது 20,000 சொச்சம். இரண்டு ஏக்கர், இரண்டு போகம் என்றால் வருடத்துக்கு 81,000. மாதத்துக்குப் பிரித்தால் ஏழாயிரம் தேறாது. தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சராசரி நில அளவு 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, இந்தத் துண்டுச் சீட்டு ஏழை விவசாயியின் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சராசரி விவசாயியின், எல்லாம் கூடிவந்த வருடத்துக் கணக்கு இது. அந்த வீட்டுப் பெண் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் லைனில் நின்றால், முதல் மாதமே இதைத் தாண்டிவிடுகிறாள்.

சம்பளத்துக்கு இன்னொரு குணம் உண்டு. தொகையைவிட அதைத்தான் வீட்டுப் பெண்கள் பெரிதாகச் சொல்வார்கள்: அது தேதி தவறாமல் வரும். நெல் பணம் மொத்தமாக வந்து, வரும்போதே கடன்காரர்களால் பங்கு போடப்பட்டுவிடுகிறது. சம்பளம் இருக்கிற வீட்டுக்குத்தான் உரக்கடைக்காரரும் கடன் கொடுக்கிறார், நகைக்கடையும் சீட்டில் சேர்க்கிறது, சுய உதவிக் குழுத் தவணையும் தவறாமல் போகிறது. நடவு நேரத்தில் கந்துவட்டிக்காரரிடம் போகாமல் மகனின் சம்பளத்தைக் கொண்டு நாற்று விட்டுவிட்டால், அறுத்த நெல்லை அவசர விலைக்கு விற்கவும் வேண்டியதில்லை. இந்த லாபம் எந்த வருமானப் பட்டியலிலும் ஏறாது.

இருவேல்பட்டும் தூசியும்

இந்த மாற்றம் நேற்று வந்ததல்ல. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைச் சொந்தக் கிராமங்களுக்கு அனுப்பி விவரம் எழுதிவரச் சொன்னார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வட ஆர்க்காட்டுத் தூசி, தஞ்சாவூர்ப் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் ஜில்லாவின் வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான் எனச் சில ஊர்கள் அதன் பிறகு ஆய்வாளர்களின் யாத்திரைத் தலங்கள் ஆகிவிட்டன. 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் போனார்கள். 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் போனார்கள். ஒரே ஊரைத் தொண்ணூறு வருடம் திரும்பத் திரும்ப எண்ணிய கதை உலகத்திலேயே அதிகம் இல்லை.

இருவேல்பட்டில் முதலில் தெரிந்தது ஒரு பெரிய நிலக்கிழார் குடும்பமும், அதன் கையை எதிர்பார்த்து வாழ்ந்த உழைப்பாளிகளும். கடைசியாகப் போனவர்கள் கண்டது வேறு. நிலம் எல்லோருக்கும் பிரிந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பழைய பிடி தளர்ந்திருந்தது. கூலிக்கு இன்னொரு வாசல் திறந்ததும் அதற்கு ஒரு பெரிய காரணம். நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் முழுதாகச் செய்யாத ஒன்றை டவுன் பஸ் கொஞ்சம் செய்தது என்று சொன்னால் மிகை ஆகாது.

தூசி காஞ்சிபுரத்துக்குப் பக்கம். அந்த வட்டாரத்தில் வயலோடு தறியும் நெடுங்காலமாக உண்டு. பட்டு நெய்தபடியே பயிர் வைத்தவர்கள் அவர்கள். இப்போது சற்றுத் தள்ளி செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை வந்துவிட்டது. ஷூ கம்பெனிகளுக்கு விடியற்காலையில் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் போகிறார்கள். அதே செய்யாறு தாலுகாவில் மேல்மா என்ற ஊரும் இருக்கிறது. சிப்காட்டின் அடுத்த விரிவாக்கத்துக்காக மேல்மாவையும் சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்து மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுக்க அரசு முனைந்தபோது, 2023-ல் விவசாயிகள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். அந்த நவம்பரில் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. மாநிலமே கொதித்த பிறகு, பெரும்பாலோர் மீதான உத்தரவைச் சில நாட்களில் அரசு திரும்பப் பெற்றது.

சென்னையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் சிலர் அப்போது கேட்டார்கள்: “கம்பெனிச் சம்பளமும் வேணும், கம்பெனிக்கு நிலமும் தரமாட்டேன்னா எப்படி?” மேம்போக்காகக் கேட்டால் நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த வீடுகளில் சம்பளமும் நிலமும் ஒன்றுக்கு ஒன்று மாற்று அல்ல. ஷூ கம்பெனி வேலை நாற்பது வயதுக்குமேல் உடம்புக்கு ஒத்துவருமா, காண்டிராக்ட் புதுப்பிப்பார்களா, கம்பெனியே வேறு ஊருக்குப் போய்விடுமா என்று யாருக்கும் தெரியாது. நிலம் இருந்தால் வீட்டு அரிசிக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் கவலை இல்லை. பெண் கல்யாணத்துக்கு அடமானம் வைக்கலாம். வேலை போனால் திரும்பி வரலாம். சம்பளம் குறைவாக இருந்தும் இந்தக் குடும்பங்கள் தாக்குப்பிடிப்பதே பின்னால் வயல் இருப்பதால்தான். கம்பெனிகளுக்கும் அது தெரியாமல் இல்லை. சொந்தச் சோறு சாப்பிட்டுவிட்டு வேலைக்கு வருகிறவருக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தாலும் நடக்கும்.

2020-ல் நாடே இதைப் பார்த்தது. ஊரடங்கில் திருப்பூரும் சென்னையும் கதவடைத்ததும் ஜனங்கள் போன இடம் கிராமம். இந்திய உழைப்பாளர்களில் விவசாயத்தில் இருப்போர் பங்கு 2018-19-ல் 42.5 சதவீதம், 2019-20-ல் 45.6 சதவீதம். பல பத்தாண்டுகளாக இறங்கிவந்த எண் அந்த வருடம் ஏறியது. அந்த ஏற்றத்தைச் செழிப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். வேலையற்ற நகரத்துக்கு வயல் சோறு போட்டது.

எல்லோருக்கும் ஒரே பஸ் அல்ல

வெளிவேலை என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் முக்கியமான ஒன்று மறைந்துவிடும். யார் எந்த வேலைக்குப் போகிறார்கள் என்பதில் சாதிக்கும் நிலத்துக்கும் இன்னும் பெரிய கை இருக்கிறது. திருப்பூர் வட்டாரக் கிராமங்களில் 1981-82-லிருந்து ஜூடித் ஹேயர் தொடர்ந்து ஆராய்ந்தார். பண்ணையாள்களாகத் தோட்டத்தில் கட்டுண்டிருந்த தலித் குடும்பங்கள் அதிலிருந்து விடுபட்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் வெளியே சம்பாதிக்கத் தொடங்கியதும் அந்த வீட்டுப் பெண்களில் ஒரு பகுதியினர் கூலிக்குப் போவதை நிறுத்திக்கொண்டதையும் எழுதியிருக்கிறார். பொருளாதாரப் புள்ளிவிவரத்தில் அது பெண்களின் வேலைப் பங்கேற்புக் குறைவு. கவுண்டர் தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்த அந்தப் பெண்களுக்கு அது ஓய்வும் மானமும்.

அதே வட்டாரத்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் இருவரும் இரண்டு கிராமங்களை ஒப்பிட்டார்கள். ஒரு கிராமத்துத் தலித் இளைஞர்கள் பனியன் கம்பெனிக்குத் தினம் போய்வந்தார்கள். இன்னொன்றில் ஊருக்குள்ளேயே விசைத்தறிக் கூடங்கள் இருந்தன. அங்கே தலித் தொழிலாளர்கள் வாங்கிய முன்பணம் கழுத்தில் கயிறாகிவிட்டது. கடன் தீராமல் தறியை விட முடியாது, தறியில் வரும் கூலியில் கடன் தீராது. திருப்பூர் கண்ணுக்கெட்டும் தூரம்தான், ஆனால் போக முடியாது. வெளிவேலை இருந்தால் விடுதலை என்று எழுதிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம் என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெளிவேலையிலும் பண்ணை உண்டு.

நிலம் உள்ள வீடுகளின் வெளிவேலை வேறு மாதிரி. தோட்டத்தை அடமானம் வைத்து நாலு தறி போட்டவர், டிராக்டர் வாங்கி வாடகைக்கு விட்டவர், மகனை இன்ஜினீயரிங் படிக்கவைத்து பெங்களூருக்கு அனுப்பியவர், தம்பியைத் துபாய்க்கு ஏற்றிவிட்டவர். அவர்களுக்கு வயல் முதலீடு ஆகிறது. நிலமில்லாதவருக்குச் சித்தாள் வேலையும் செங்கல் சூளையும்தான் முதலில் கண்ணில் படும் வாசல்கள். கிராமத்தில் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் என்று நினைத்த வெளி வருமானம், இரண்டு தலைமுறை கடந்த பிறகு அதையே கூட்டிவிடவும் கூடும்.

ஆள் கிடைக்கவில்லை

நிலத்துக்காரர்களிடம் பேசினால் முதல் புகார் இதுதான். அடுத்த நொடியே, நூறு நாள் வேலைதான் கெடுத்தது என்பார்கள். 2006-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டில் அண்மை வருடங்களில் வேலை செய்தவர்களில் 85 சதவீதத்துக்கு மேல் பெண்கள். அதிலும் கம்பெனி பஸ் ஏற்றிக்கொள்ளாத வயதுக்காரர்கள் நிறைய. 2025-26-ல் அதன் நாள் கூலி 336 ரூபாய். கொத்தனாரோடு போகும் சித்தாளுக்கு இதைவிட அதிகம். ஆக, இளவட்டங்களை வயலிலிருந்து இழுத்தது இந்த 336 அல்ல. அது செய்தது வேறு: களை எடுக்கும் பாட்டிக்கு, “இந்தக் கூலிக்கு வரமாட்டேன்” என்று சொல்லும் தைரியத்தைக் கொடுத்தது. பண்ணைக்காரர்களின் கோபம் அங்கேதான். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் நாட்களை 125 ஆக்கிவிட்டு, விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி வைத்திருக்கிறது. அந்தக் கோபம் டெல்லி வரை கேட்டிருக்கிறது போலும்.

ஆள் பற்றாக்குறைக்கு வயல் சொன்ன பதில் பயிரை மாற்றுவது. விழுப்புரம், கடலூர் பக்கம் மணிலா போட்ட மேட்டு நிலங்களில் சவுக்கு நிற்கிறது. மணிலாவுக்குக் களை எடுக்க ஆள், பிடுங்க ஆள், காய் ஆய ஆள் வேண்டும். சவுக்கை நட்டுவிட்டு மூன்று நாலு வருடம் கம்பெனிக்குப் போய்வரலாம். வெட்டும்போது வியாபாரியே ஆளோடு வருவார். கொங்குப் பக்கம் பருத்தி, கடலை போன இடத்தைத் தென்னை பிடித்துக்கொண்டது. டெல்டாவிலும் வட மாவட்டங்களிலும் நெல் தப்பித்ததற்கு அறுப்பு மிஷினே காரணம். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் லீவில் அறுப்பை முடித்துவிடலாம். எதை விளைவிப்பது என்பதை மண்ணும் மழையும் மட்டும் தீர்மானித்த காலம் போய், வீட்டில் யாருக்கு எந்த ஷிப்ட் என்பதும் தீர்மானிக்கிறது.

இதற்கு நடுவில் வயலில் மிஞ்சியிருப்பவர் பெரும்பாலும் வீட்டுக்காரி. கணவன் வேலைக்குப் போன பிறகு மடை திருப்புவதும், மாட்டுக்குத் தீவனம் போட்டுப் பால் சொசைட்டிக்குக் கேனைக் கொண்டுபோவதும், டிராக்டர்காரரிடம் பேரம் பேசுவதும், பூச்சிமருந்து என்ன வாங்குவது என்று முடிவெடுப்பதும் அவர். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாட்டின் சாகுபடி நில அலகுகளில் பெண்கள் பெயரில் இருந்தவை 14 சதவீதம் மட்டுமே. பட்டா மாமனார் பெயரில். பயிர்க் கடன் கணவர் பெயரில். வேளாண் அலுவலகத்துக்கு அவர் போனால், “வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா” என்பார்கள். வீட்டுக்காரர் ஒரகடத்துக் கம்பெனியில் இரண்டாவது ஷிப்டில் இருப்பார்.

கல்யாணச் சந்தையிலும் இந்த இரட்டை வாழ்க்கை வந்துவிட்டது. கொங்குநாட்டில் பத்து ஏக்கர் தோட்டம், கிணறு, பண்ணை வீடு என்று எல்லாம் இருந்தும் பெண் கிடைக்காத மாப்பிள்ளைகள் கதை ஊருக்கு ஊர் உண்டு. “மாப்பிள்ளை என்ன பண்றாரு?” “தோட்டத்தப் பாத்துக்கறாரு.” “அது சரிங்க, வேலை?” பெண் வீட்டார் நிலமும் கேட்கிறார்கள், நிலத்தில் இறங்காத மாப்பிள்ளையும் கேட்கிறார்கள். பேராசை என்று சிரிக்கலாம். நாம் மேலே போட்ட துண்டுச் சீட்டை அவர்களும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

ஜப்பான் தன் வேளாண் கணக்கெடுப்பில் பல பத்தாண்டுகளாக இந்த இரட்டை வாழ்க்கையைப் பிரித்துக் காட்டவென்றே வகைகள் வைத்திருந்தது. விவசாயம் மட்டும் செய்யும் வீடு, விவசாயத்தில் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் சம்பாதிக்கும் வீடு, வெளியே கூடுதலாகச் சம்பாதிக்கும் வீடு. அங்கே மூன்றாவது வகைதான் பெரும்பான்மை ஆனது. அந்த வீடுகளுக்கு ஏற்ற சின்ன டிராக்டரும் நடவு மிஷினும் சங்கமும் அமைந்தன. இங்கே நம் கொள்கைகளின் கற்பனையில் ஒரே விவசாயிதான் இருக்கிறார்: காலையிலிருந்து மாலை வரை வயலில் நிற்பவர், கூப்பிட்ட நேரத்துக்கு அலுவலகம் வரக்கூடியவர். பயிற்சி வகுப்பு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. மண் பரிசோதனை முகாம் புதன்கிழமை. மானிய விதைக்கு ஆதாரோடு நேரில் வர வேண்டும், வேலை நாளில், வேலை நேரத்தில். நிலத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வாய்வார்த்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போனவருக்கு வருடம் 6,000 ரூபாய் பி.எம். கிசான் பணம் வருகிறது. நிஜமாக நட்டு அறுத்தவருக்கு வராது, புயலில் பயிர் போனாலும் நிவாரணப் பட்டியலில் பெயர் ஏறுவது கஷ்டம். ஊர் ஊராக இப்படி வாய்வார்த்தைக் குத்தகை பெருகியதற்கே வெளிவேலை ஒரு காரணம் என்பதால், இது சின்ன ஓட்டை அல்ல.

எல்லாவற்றையும்விட நஷ்டம் தெரிகிற இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். அறுத்த நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டி, முறை வரும்வரை தார்ப்பாய் போட்டுக் காவல் இருக்க வேண்டும். சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நாள் போகும். முழுநேர விவசாயிக்கு அது அலைச்சல். கம்பெனிக்காரருக்கு அது லீவு. மூன்று நாள் போகாவிட்டால் மூன்று நாள் சம்பளமும், வருகைக்கென்று தரும் படியும் போய்விடும். காண்டிராக்டில் இருப்பவருக்கு சூப்பர்வைசர் முகம் கோணினால் வேலையே கேள்வி. வியாபாரி களத்துமேட்டுக்கே வந்து, அன்றைக்கே எடை போட்டு, கையில் பணம் கொடுத்துவிடுகிறார், குவிண்டாலுக்குச் சில நூறு ரூபாய் குறைத்து. அரசு விலை தெரியாமல் யாரும் அவருக்குப் போடுவதில்லை. மூட்டைக்கு எவ்வளவு போகிறது, லீவு போட்டால் எவ்வளவு போகும் என்று இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே லாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.